பச்சோந்தி உண்ண மறுப்பது ஏன்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

அழைப்பிதழில் எம் பேச்சின் தலைப்பைக் கண்ட நண்பர் சிலர், இவ்வாண்டு சங்க மேடையில் அரசியலும் புகுந்துவிட்டதோ என்று ஐயுற்றனராம். அவர்கள் மீது குற்றமில்லை. காலையில் ஒரு கொடியும் மாலையில் ஒரு கொடியும் பிடிப்போரைப் 'பச்சோந்தி' என்று ஏசி ஏசி, அப்பெயருக்கு உரிய உயிரை நாம் மறந்தே போனோம். நம் கன்னட அண்டை வீட்டாரும் 'கோசும்பே' என்ற சொல்லை அவ்வாறே கையாளுகின்றனர். இன்று நாம் பேசப் போவது கட்சி மாறும் பச்சோந்தியைப் பற்றியன்று. புளியங்கிளையில் அடிமேல் அடி வைத்து நடக்கிறதே, அந்த வாயில்லாப் பச்சோந்தியைப் பற்றி. அதிலும், அது உணவு கொள்ள மறுத்துக் கிடக்கும்போது செய்யத் தக்கது யாது, தகாதது யாது என்பதைப் பற்றி.

கம்பரும் வள்ளுவரும் முழங்கும் மேடையில் இதுவும் ஒரு பொருளா என்று கேட்போர் இருக்கலாம். மழை ஓய்ந்த நாள்களில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் எங்கிருந்தோ ஒரு பச்சோந்தியைப் பிடித்து வருவதும், அட்டைப் பெட்டியில் அடைப்பதும், அது எதையும் தின்னாமல் கிடப்பதும், பின்னர் அதன் கதி என்னவாயிற்று என்று ஒருவரும் கேளாமல் விடுவதும் நாம் யாவரும் கண்டவை. அன்றியும், நம்முள் பலருடைய மக்கள் இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குடித்தனம் செய்கின்றனர். அங்கே பல ஊர்களில் பச்சோந்தியைக் கடையில் விலை கொடுத்து வாங்கி வளர்ப்பது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. "தாத்தா, இது மூன்று நாளாய் ஒன்றுமே தின்னவில்லையே!" என்று கடலுக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் அழுத பேரனின் குரலைக் கேட்ட பெரியவர் ஒருவர் இவ்வவையிலேயே வீற்றிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில்தான் இத்தலைப்பு.

வேலியில் தலையாட்டிவிட்டு விர்ரென்று ஓடி மறையும் ஓணான் வேறு; பச்சோந்தி வேறு. பச்சோந்திக்கு ஓட வராது. அதன் கால் விரல்கள் இரண்டும் மூன்றுமாக எதிரெதிரே சேர்ந்து, தட்டாரின் குறடு போலக் கிளையைக் கவ்விப் பிடிக்கும். வால் சுருண்டு ஐந்தாவது கையாகும். கண் இரண்டும் கூம்பாகப் புடைத்து நிற்கும். ஒரு கண் முன்னே பார்க்கையில் மற்றது முதுகுப் புறத்தைப் பார்க்கும். உலகில் 200க்கு மேற்பட்ட பச்சோந்தி இனங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தவை. இந்தியாவுக்கு உரியது ஒன்றே ஒன்றுதான். 1768இல் லாரெண்டி என்னும் ஆஸ்திரிய அறிஞர் இலங்கையின் பெயரைச் சேர்த்து, 'கமீலியோ ஜெய்லானிக்கஸ்' என்று அதற்குப் பெயரிட்டார். இலங்கையின் வறண்ட பகுதிகளிலும், நம் தமிழ் மாவட்டங்களிலும், இங்கே மைசூரைச் சூழ்ந்த புதர்க்காடுகளிலும் அது வாழ்கிறது. வாலோடு சேர்த்து அளந்தால் ஓர் அடிக்கு மேலும் இருக்கும். நஞ்சு கிடையாது, கடித்தாலும் கிள்ளியது போன்ற வலிதான்.

அரிஸ்டாட்டில் தம் விலங்கு நூலில் பச்சோந்தியின் உடலை நுணுக்கமாக விவரித்திருக்கிறார். அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் பிந்திய உரோமாபுரிப் பிளினியோ, இப்பிராணி உண்பதுமில்லை, பருகுவதுமில்லை, காற்றே அதன் ஆகாரம் என்று எழுதிவைத்தார். எவரேனும் கூண்டில் அடைத்து வைத்திருந்த பச்சோந்தியைத்தான் அவர் கண்டிருப்பாரோ என்பது எம் ஐயம். நாள் கணக்கில் வாயசைக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உண்மையில் அது உண்ணும் வேகத்தைக் கண் தொடர இயலாது. உடலின் நீளத்தையும் விஞ்சும் நாக்கு வெளிப்பட்டுப் பூச்சியைத் தொடுவதற்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆவதில்லை. நாக்கின் நுனியில் ஒரு பசை உண்டு. மனித உமிழ்நீரைக் காட்டிலும் அது 400 மடங்கு கெட்டியானது என்று 2016இல் பெல்ஜிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் அளந்து கூறினர். இவ்வளவு கருவியையும் இயற்கை அமைத்துத் தந்தது, அசைகின்ற உயிருள்ள பூச்சியை அடித்து வீழ்த்துவதற்காகவே. தட்டில் வைத்த சோற்றுக்காக அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்பிலேயே நடந்ததைச் சொல்லுவோம். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் சாலையோரத்தில் ஊர்ந்துகொண்டிருந்த பருத்த பச்சோந்தி ஒன்றைக் குச்சியில் ஏற்றிக் கொண்டுவந்தனர். பழைய கிளிக்கூண்டில் குடியேற்றப்பட்டது. உபசாரத்துக்குக் குறைவில்லை. ஒரு வீட்டிலிருந்து பால் சோறு, ஒரு வீட்டிலிருந்து வாழைப்பழம், இன்னொரு வீட்டிலிருந்து செத்த கரப்பான்! அது எதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் முறை வைத்துக் காவலிருந்தனர். கூண்டைத் தட்டி எழுப்பினர். தங்கள் தோழர்களை அழைத்துக் காட்டினர். பச்சோந்தி நாளுக்கு நாள் கறுத்தது. நான்காம் நாள் கிளையை விட்டிறங்கிக் கூண்டின் தரையில் அலைந்து, மூலையைக் கால்களால் பிறாண்டத் தொடங்கியது. "தப்பி ஓடப் பார்க்கிறது" என்றனர் பிள்ளைகள்.

ஐந்தாம் நாள் மாலை, வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற கன்னட அன்பர் ஒருவர் தற்செயலாக அவ்வழியே வந்தார். கூண்டருகே குந்தி அமர்ந்து சற்று நேரம் பார்த்தார். பிறகு அதன் வயிற்றின் பக்கவாட்டில் உருண்டை உருண்டையாகத் தெரிந்த புடைப்பைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டி, "இது பசியில்லாமல் கிடக்கவில்லை, மக்களே! பிரசவத்துக்கு இடம் தேடுகிறது" என்றார். அதுவரை கூச்சலிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப் போயினர். அவருடைய சொற்படியே வனத்துறைக்குச் செய்தி சொல்லி அனுப்பினோம். அவர்கள் வந்து பெற்றுச் சென்று, பிடிபட்ட இடத்தை விசாரித்து, அதனை அடுத்த புதர்க்காட்டிலேயே விட்டனர். அது முட்டையிட்டதா, பிழைத்ததா என்பதைக் கண்டு வந்து சொல்வார் யாருமில்லை.

இதனைச் சற்று விளக்க வேண்டும். மரத்திலேயே வாழும் பெண் பச்சோந்தி முட்டையிடுவதற்காக மட்டும் மண்ணுக்கு இறங்குகிறது. ஈரமண்ணில் வளை தோண்டி, பத்து முதல் முப்பது வரை முட்டையிட்டு, மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, மீண்டும் மரமேறும். சாலையில் வண்டிச் சக்கரத்தில் அகப்படுவனவும், பிள்ளைகள் கையில் சிக்குவனவும் பல இவ்வாறு இறங்கியவையே. முட்டையிடுவதற்கு முன் சில நாள்கள் அது உணவை விட்டுவிடும். வயிறு நிறைய முட்டை இருக்கையில் உணவுக்கு அங்கே இடமேது? இது நோயன்று. ஆனால் தோண்ட மண் கிடைக்காவிட்டால் முட்டையை உள்ளேயே அடக்கி வைத்திருந்து, அதனாலேயே மாண்டுபோகும். கிளிக்கூண்டின் தகரத் தரையைப் பிறாண்டியது அதற்காகத்தான். வெளிநாட்டில் பெண் பச்சோந்தி வளர்க்கும் நம் பிள்ளைகளும் இதை அறிந்திருத்தல் நலம். ஆணையே கண்டிராத பெண்ணும் முட்டையிடும். ஆகவே, 'இது தனியாகத்தானே இருக்கிறது' என்று எண்ணி இருந்துவிடலாகாது. ஓர் அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய வாளி ஒன்றைக் கூண்டினுள் வைத்து, அது தோண்டுகையில் எவரும் பார்க்காதபடி திரையிட்டுவிட்டால், பெரும்பாலும் அதுவே தன் காரியத்தை முடித்துக்கொள்ளும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட உயிர். அச்சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று, பிடிப்பதும் வேட்டையே. ஆகவே வீட்டில் வைத்து வளர்ப்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஏமன் நாட்டிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வந்த இனங்களைச் சிலர் இந்திய நகரங்களில் வளர்ப்பதாகக் கேள்விப்படுகிறோம். 2022இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, 2024இல் வந்த விதிகளின்படி அவற்றையும் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்டு, பின்னர் குத்துகிறது குடைகிறது என்று அழுத கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஓணானின் பெரிய தம்பிக்கும் அது பொருந்தும்.

இனி, சட்டப்படி வளர்ப்போரும், காயம்பட்டதை மீட்டுச் சில நாள் காக்கும் பொறுப்புடையோரும் அறிய வேண்டியவற்றுக்கு வருவோம். பச்சோந்தி உண்ணாவிட்டால், 'வேறென்ன தீனி தரலாம்?' என்றே எல்லோரும் கேட்கின்றனர். அது கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது என்று கேட்பவர் அரியர்.

கிண்ணத்தில் அசைவற்று நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் நீரென்றே உணர்வதில்லை. இலை நுனியில் பனித்துளி மின்ன வேண்டும். மழைத்துளி உருள வேண்டும். அப்போதுதான் நக்கிக் குடிக்கும். நிறைந்த கிண்ணத்தின் அருகிலேயே நா வறண்டு சாவதும் உண்டு. நீர் வற்றிய பச்சோந்திக்கு இரையில் நாட்டம் செல்லாது. இதை அறிவதற்கு இரண்டு அடையாளங்கள் உள்ளன. புடைத்திருக்க வேண்டிய கண் கூம்புகள் குழிந்து காணப்படும். மற்றொன்று எச்சம். நம் வீட்டுச் சுவர்ப் பல்லியின் எச்சத்தில் கறுப்பு ஒரு பாதியும் வெள்ளை ஒரு பாதியும் இருப்பதைப் பெருக்கித் துடைக்கும் தாய்மார்கள் நன்கறிவர். அந்த வெண்பகுதிதான் அதன் சிறுநீர். பச்சோந்திக்கும் அப்படியே. வெள்ளையாக இருந்தால் உடலில் நீர் போதும். ஆரஞ்சு நிறமாகிவிட்டால் தாகத்தால் வாடுகிறது என்று பொருள்.

அதற்கு மருந்து எளியது. காலையும் மாலையும் கூண்டிலுள்ள செடியின் இலைகள்மேல் மென்தூறலாக நீர் தெளிக்க வேண்டும். அதனினும் சிறந்த முறை ஒன்று உண்டு. நம் சிவன் கோயில்களில் இலிங்கத்தின்மேல் தாராபாத்திரம் தொங்கவிட்டிருப்பார்களே, அதைப் போல ஒரு சிறு பாத்திரத்தின் அடியில் ஊசித் துளையிட்டு, கூண்டின் மேலே தொங்கவிட்டு, நீர் சொட்டுச் சொட்டாக இலைமேல் விழும்படி செய்வதாகும். மேனாட்டார் இதற்கென்று விலையுயர்ந்த கருவிகள் விற்கிறார்கள். நம்மூர்ப் பித்தளைச் சொம்பு அதே வேலையைச் செய்யும். ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்: நீரைக் கண்டவுடன் அது குடித்துவிடாது. பத்து நிமிடம், சில வேளை அதற்கு மேலும் யோசிக்கும். நாம் இரண்டு நிமிடம் தெளித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டால் அதற்குத் தாகம் தணியாது. ஆனால் நாள் முழுதும் கூண்டு சொதசொதவென்று ஈரமாகவும் இருத்தலாகாது. இலை உலர இடைவெளி இல்லாவிட்டால் பூஞ்சணமும் சளி நோயும் வரும். இன்னொன்று: வாயைத் திறந்து நீர் புகட்டவே கூடாது. மூச்சுக் குழலில் போய்விடும்.

அடுத்தது வெயில். பச்சோந்தி குளிர் இரத்தப் பிராணி. தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்க அறியாது. மைசூரின் மார்கழி இரவுகள் 16 பாகையை ஒட்டி இறங்கும். அத்தகைய விடியலில் காட்டுப் பச்சோந்தி என்ன செய்கிறது? கிளையின் கிழக்கு முனைக்கு ஏறி, விலாவைத் தட்டையாக்கி வெயிலுக்குக் காட்டி, சூட்டை வாங்குவதற்காக உடலைக் கறுப்பாக்கிக்கொள்ளும். உடல் வெம்மையுற்ற பின்னரே பச்சை நிறம் திரும்பும், வேட்டையும் தொடங்கும். குளிர்ந்த அறையில் அடைபட்டது இரையைத் தின்றாலும் செரிக்காது. செரிக்காத வயிறு உணவை வேண்டாமென்கிறது, அதில் வியப்பென்ன? ஆகவே கூண்டின் ஒரு மேல்மூலையில் 30 பாகையை ஒட்டிய வெம்மை வேண்டும். மற்றப் பகுதிகள் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எங்கே இருப்பது என்பதை அதுவே தேர்ந்துகொள்ளும். நிழலே இல்லாமல் உச்சி வெயிலில் கூண்டை வைத்துவிட்டு அலுவலகம் போவது கொலைக்கு ஒப்பாகும்.

வெயிலில் சூடு மட்டுமா இருக்கிறது? புற ஊதாக் கதிரும் இருக்கிறது. அக்கதிர் பட்டால்தான் பச்சோந்தியின் உடலில் வைட்டமின் 'டி' உண்டாகும். அந்த வைட்டமின் இருந்தால்தான் சுண்ணச்சத்து உடலில் சேரும். சன்னல் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கண்ணாடிக்குப் பின்னால் மாதக் கணக்கில் 'நல்ல வெயிலில்' இருந்த பச்சோந்திக்கும் எலும்பு மெலிந்து, கால் வளைந்து, தாடை குழைந்துபோகும். நாக்கை வீசுவதற்கும் எலும்பும் தசையும் வேண்டுமல்லவா? அது பூச்சியைக் காண்கிறது, இரு கண்களையும் ஒன்றாகக் குவிக்கிறது, வாயையும் திறக்கிறது, நாக்குதான் வரவில்லை. வளர்ப்பவர் இதைக் கண்டு 'பசி மந்தம்' என்கிறார். பசி இருக்கிறது; கருவிதான் பழுதுபட்டிருக்கிறது. மேனாட்டார் இதற்கென்றே புற ஊதா விளக்குகள் வைக்கின்றனர்; இரைப் பூச்சியின்மேல் சுண்ணத்தூள் தூவித் தருகின்றனர்.

அச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பச்சோந்தி இருக்குமிடத்தின் நிறத்துக்கு ஏற்பத் தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது என்று பள்ளியில் படித்தோம். அது பெரும்பாலும் உண்மையன்று. அதன் நிறம் வெம்மையையும், மனநிலையையும், எதிரே நிற்பது பகையா துணையா என்பதையும் காட்டுவது. 2015இல் ஜெனீவாப் பல்கலைக் கழக அறிஞர்கள் மடகாஸ்கர் பச்சோந்தியின் தோலை ஆராய்ந்து, அதனுள் நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் அடுக்கு மாறுவதால் நிறம் மாறுகிறது என்று கண்டனர். நமக்கு வேண்டிய செய்தி யாதெனில், வெயில் காய்ந்த பின்னரும் பகல் முழுதும் கறுத்தே கிடக்கும் பச்சோந்தி அஞ்சியோ நோயுற்றோ இருக்கிறது என்பதே. காட்டில் அதற்கு மேலிருந்து வருவதெல்லாம் பருந்தும் காக்கையும். தரையில் வைத்த கூண்டின்மேல் நாம் குனிந்து பார்க்கும்போது அதன் கண்ணுக்கு நாமும் பருந்துதான். கூண்டை நம் கண் மட்டத்துக்கு மேலே வைத்தாலே பாதி அச்சம் நீங்கும். உள்ளே மறைந்துகொள்ள அடர்ந்த இலைச்செடி வேண்டும். துணைக்கு என்று இன்னொன்றை உடன் விடுதல் பெருந்தவறு. இது தனித்து வாழும் பிராணி. கண்ணாடித் தொட்டியில் தன் நிழலையே பகையெனக் கண்டு உணவை மறப்பதும் உண்டு. புதிய இடத்துக்கு வந்த முதல் சில நாள் உண்ணாதிருப்பதும் இயல்பே. மாற்றலாகிப் புதிய ஊருக்கு வந்த நம் ஊழியர் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள், முதல் வாரம் சோறு இறங்கிற்றா என்று!

இரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டுக்கிளி, சுவர்க்கோழி, ஈ, வண்ணத்துப்பூச்சி, கும்பிடுபூச்சி எனக் காட்டில் அது பலவகையாக உண்கிறது. கூண்டிலோ நாள்தோறும் ஒரே சுவர்க்கோழி. நாள்தோறும் உப்புமா கிண்டும் வீட்டில் நாம் முகம் சுளிப்பதில்லையா? அதுவும் அவ்வாறே ஒன்றை வெறுத்து ஒதுக்கிவிடும்; வேறு பூச்சி ஒன்றைக் கண்டால் பாய்ந்து பிடிக்கும். அயல்நாட்டில் பட்டுப்புழுவை இதற்கென வளர்த்து விற்கின்றனர். நீர்ச்சத்து மிக்கது, மென்மையானது, உண்ணாமல் கிடந்ததும் அதை விரும்பி ஏற்கும் என்பர். மத்தியப் பட்டு ஆராய்ச்சிப் பயிற்சி நிலையத்தைக் கொண்டதும், பட்டால் பெயர் பெற்றதுமான இந்த ஊரில் இருந்துகொண்டு அதை எண்ணிப் பார்க்கையில் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது. தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துத் தருவோர், அங்கே மருந்து தெளிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பூச்சியைக் கொல்லும் மருந்து பூச்சியைத் தின்றதையும் விடாது. உண்ணாமல் எஞ்சிய சுவர்க்கோழிகளை இரவில் கூண்டிலேயே விட்டுவைத்தால், உறங்கும் பச்சோந்தியை அவை கடித்துப் புண்ணாக்கும்.

அளவும் ஒரு செய்தி. குஞ்சுகளுக்கு நாள்தோறும் உணவு வேண்டும். வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் சில பூச்சிகளே போதும். அன்பின் மிகுதியால் நாள்தோறும் ஊட்டி, ஒரு நாள் அது வேண்டாமென்றால் மருத்துவரைத் தேடி ஓடுவோரும் இருக்கின்றனர். நலமாக உள்ள பெரிய பச்சோந்தி ஒரு வாரம் உண்ணாதிருந்தாலும் தாங்கும். துணை தேடும் பருவத்தில் ஆணும் உணவைக் குறைத்துக்கொள்ளும். தோல் உரிக்கும் நாள்களிலும் அப்படியே. நீரும் வெயிலும் அமைதியும் சரியாக இருந்து, கண்கள் புடைத்தும் பிடி வலுத்தும் இருந்தால் பொறுத்திருக்கலாம்.

பொறுக்கலாகாத அறிகுறிகளும் உண்டு. பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பச்சோந்தி நோயுற்றது. நலமான பச்சோந்தி பகலில் கண் மூடுவதில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்குதல், தாடையில் வீக்கம் அல்லது சீழ், கிளையைப் பற்ற மாட்டாமல் நழுவி விழுதல், முட்டை தாங்கிய பெண் தோண்டியும் இடாமல் சோர்ந்து கிடத்தல், இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுசெல்ல வேண்டும். வயிற்றுப் புழு இருந்தாலும் பசி குன்றும். எச்சத்தைச் சோதித்து அவர் சொல்லுவார். வாயைப் பிளந்து ஊட்டுதல் அவருடைய வேலை, நம்முடையதன்று. நம் கையின் வலுவுக்கு அதன் தாடை ஒரு தீக்குச்சி.

சாலையில் ஒன்றைக் கண்டால் என்ன செய்வது என்று பிள்ளைகள் கேட்கக் காத்திருக்கின்றனர். ஓணானைக் கண்டால் கல்லெடுக்கும் வழக்கம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் கேட்ட இராமனுக்கு அது இழைத்த அவமரியாதை என்று ஒரு வாய்க்கதையும் அதற்குத் துணை நின்றது. பச்சோந்திக்கு அந்தப் பழியும் இல்லை! காயம் ஏதுமின்றி நடந்துகொண்டிருந்தால், வண்டி வருகிறதா என்று முதலில் உங்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு நீண்ட குச்சியை அதன் முன்னே நீட்டுங்கள். அது தானே ஏறிக்கொள்ளும். வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். அது எந்தப் பக்கம் நோக்கிச் சென்றுகொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துப் புதரில் விடுங்கள். வந்த பக்கத்தில் விட்டால் மறுபடியும் சாலையைக் கடக்கத்தான் புறப்படும்.

காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லியனுப்புங்கள். 1892இல் தோன்றிய நம் ஊர் மிருகக்காட்சிசாலை கூர்கள்ளியில் மீட்பு, மறுவாழ்வு நிலையம் ஒன்றும் நடத்திவருகிறது; எதனை எங்கே அனுப்புவது என்பதை வனத்துறையினரே முடிவு செய்வர். அவர்கள் வரும் வரை, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டி ஒன்றில் பழைய துணியை விரித்து, பற்றிக்கொள்ள ஒரு கிளையும், நீர் தெளித்த ஓர் இலைக்கொத்தும் வைத்து, நிழலில், சந்தடி இல்லாத அறையில் வைத்தால் போதும். தீனி ஒன்றும் வேண்டாம். திறந்து திறந்து பார்க்கவும் வேண்டாம். பிடித்த இடம் எது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின்மேல் ஒட்டிவையுங்கள். திரும்பக் கொண்டு விடுவோர் முதலில் கேட்பது அதைத்தான்.